தந்தைத் தமிழ்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையை நம் கல்லூரி மாணவர் அறியாதாரல்லர். தேர்வின் பொருட்டேனும் அதன் பருவங்கள் பத்தையும் நெட்டுருச் செய்தோர் பலர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும் ஆண்பாற்கு உரியன. பெண்பாலாயின் அவற்றிற்கு ஈடாகக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன வரும். பருவத்திற்குப் பத்துப் பாட்டாக நூறு பாட்டில் நூல் நிறைவுறும். ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாங் குலோத்துங்க சோழன்மீது பாடியது, இன்று நமக்குக் கிடைப்பனவற்றுள் பழமையானது. இவையெல்லாம் யாம் வகுப்பில் ஆண்டுதோறும் தவறாது ஒப்பித்து வருவன.

ஆயினும், சென்ற ஆண்டு ஜூலைத் திங்கள்வரை எமக்குத் தோன்றாத ஐயம் ஒன்று இப்போது தோன்றியுள்ளது. இந்நூல்களில் குழந்தை இருக்கின்றது. அதனைச் சீராட்டும் தாயரும் செவிலியரும் இருக்கின்றனர். வானத்து நிலாவிற்குக்கூட ஒரு பருவம் முழுமையாக ஒதுக்கப்பட்டுள்ளது. தந்தையார் எங்கே? அவர்க்கெனப் புலவர் ஒரு பருவமும் வகுத்தாரில்லை. அவர் போர்மேற் சென்றிருந்தாரோ, அன்றி வேறொன்றுக்கும் பயன்படாமையின் திண்ணைக்கு அனுப்பப்பட்டாரோ அறியோம். எம் அனுபவத்தை நோக்குமிடத்து இரண்டாவது காரணமே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. இக்குறையை நீக்குதற்குத் தந்தைத் தமிழ் ஒன்றினை இயற்றத் துணிந்தோம். செய்யுளில் இயற்றுதற்கு வேண்டிய உறக்கம் எமக்கு வாயாமையின் உரைநடையில் எழுதுகின்றோம். கற்றறிந்தோர் பொறுப்பாராக.

முதலாவது காப்புப் பருவம். புலவர் இப்பருவத்தில் திருமால் முதலிய தெய்வங்களை வேண்டிக் குழந்தைக்குக் காவல் தேடுவர். எம் மகளுக்கு வேண்டிய காவல், முதற்கண் உறவினரிடமிருந்தே வேண்டியதாயிற்று. மருத்துவமனையின் பிரசவ அறை வாயிலில் யாம் நின்றோம். அங்கே நிற்கும் ஆடவனைப்போல் உலகில் பயனற்ற பொருள் பிறிதொன்றில்லை. செவிலியர் ஒருவர் வெளியே வரும்போதெல்லாம் எழுந்தோம். அவர் எம்மைத் தாண்டிச் செல்லும்போதெல்லாம் அமர்ந்தோம். இங்ஙனம் ஒரு முற்பகல் முழுதும் தேகப்பயிற்சி செய்தபின், வெள்ளைத் துணியிற் சுற்றிய ஒரு சிறு மூட்டையை எம் கையில் வைத்து, "பெண் குழந்தை" என்றனர். அதன் முகம் சிவந்து, சுருங்கி, யாரோ தன் உறக்கத்தைக் கலைத்ததற்கு விளக்கங் கேட்பது போன்றிருந்தது. எம் கல்லூரித் தேர்வு மண்டபத்தில் மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வை அது.

உடனே ஒப்புமை ஆராய்ச்சி தொடங்கிற்று. மூக்கு எம் குடும்பத்தது என்று எம் அன்னையார் கூறினார். மாமியார் அதனை மறுத்து, நாசரேத்தில் வாழும் தம் மூத்த தமையனார் மூக்கே அது என்று நிறுவினார். பிறந்து ஒரு மணி நேரமே ஆன அம்மூக்கோ ஒரு பட்டாணியின் அளவினது. இரு குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்ளுதற்கு அதில் இடமில்லை. நெற்றி, காது, கால்விரல் என ஒவ்வொன்றாகப் பாகப்பிரிவினை நடந்தது. அழுகையின் ஓசையை மட்டும் எவரும் உரிமை பாராட்டினாரில்லை. ஆதலின் அஃது எம்முடையது எனத் தீர்ப்பாயிற்று.

இவற்றையெல்லாம் யாம் நகைத்தபடியே ஏற்றோம். நகைக்க இயலாத சொல் ஒன்றும் அன்று எம் செவியில் விழுந்தது. காண வந்தோருள் மூவரோ நால்வரோ, "பெண்ணா? பரவாயில்லை" என்றனர். எவரும் தீய எண்ணத்தோடு கூறினாரல்லர், ஆறுதலாகவே கூறினர். ஆனால் ஆறுதல் என்பது இழப்பு நேர்ந்த இடத்தன்றோ கூறப்படுவது? ஈண்டு இழந்தது யாது? நம் நாட்டில் கருவிலிருப்பது ஆணா பெண்ணா என ஆராய்ந்து அறிவிப்பதைத் தடுத்து 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பெற்றோர் வேண்டாத பெண் மகவை ஏற்றுக்கொள்ள 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. அத்துணைப் பெருங் கொடுமைக்கும் இந்தப் "பரவாயில்லை"க்கும் தொலைவு மிகுதிதான். எனினும் இரண்டும் ஒரே சாலையில் உள்ளன என்று எமக்குத் தோன்றிற்று. கட்டிலிற் படுத்திருந்த எம் துணைவியார் அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கண்களை மூடிக்கொண்டார். களைப்பினால் என்று பிறர் எண்ணினர்.

நிற்க. இக்காலத்துக் காப்பு ஊசி முனையில் உள்ளது. பிறந்த அன்றே காசநோய்க்கு எதிராக இடது தோளில் ஒன்று, மஞ்சட்காமாலைக்கு எதிராகத் தொடையில் ஒன்று, இளம்பிள்ளை வாதத்திற்கு வாயில் சொட்டு மருந்து. பின்னர் ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி முதலியவற்றிற்கு ஊசிகள். எம் பாட்டனார் காலத்தில் ஊர்தோறும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன பெரியம்மை, உலகினின்றும் ஒழிந்தது என 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் இல்லை என்னும் சான்று 2014ஆம் ஆண்டில் கிடைத்தது. இவை சிறு செய்திகளல்ல. ஆயினும் ஊசி போடும் வேளையில் குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்ளும் பணி தந்தைக்கே வாய்க்கின்றது. ஊசி இறங்கியதும் அவள் செவிலியரை நோக்கவில்லை, எம்மையே நோக்கினாள். ஜூலியஸ் சீசர் புரூட்டஸை நோக்கியது அங்ஙனமே இருந்திருக்கும்.

இரண்டாவது, யாம் புதிதாக வகுக்கும் பருவம்; யாத்திரைப் பருவம் எனப் பெயரிடுகின்றோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்காதலின், மருத்துவமனையினின்று தாயும் சேயும் நாசரேத்திற்குச் சென்றனர். யாம் பாளையங்கோட்டையில் தனித்திருந்தோம். மத்திய அரசின் ஊழியராகிய ஆடவர்க்குத் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. ஒருவன் தந்தையாதற்குரிய கல்வி அதற்குள் முற்றுப்பெறும் என அதனை வகுத்தோர் கருதினர் போலும். எம் கல்வியோ சனிக்கிழமைதோறும் திருச்செந்தூர் இருப்புப்பாதை வழியாக நடைபெற்றது. வாரநாட்களில் கைப்பேசியில் முகங் காட்டுவர். மாமியார் அக்கருவியைப் பிடிக்கும் முறையினால், முதலிரு திங்கள் யாம் பெரும்பாலும் அவ்வீட்டு மின்விசிறியையே கண்டு களித்தோம். "பாருங்க, அப்பாவைப் பாத்துச் சிரிக்கிறா" என்று அவர் கூறுவார். விசிறி சுழலும்.

அவ்வீட்டில் சேனை வைத்தலைப் பற்றி ஒரு போர் நிகழ்ந்தது. பிறந்த பிள்ளையின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தொட்டு வைத்தல் பழைய வழக்கு. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பர். மருத்துவரோ, ஆறு திங்கள்வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் ஆகாது, ஓராண்டு நிறையும்வரை தேன் கூடவே கூடாது என்று திட்டமாய்க் கூறிவிட்டார். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிறு மகவின் குடலில் நஞ்சை விளைக்கும் என்பது காரணம். மாமியார் தேன் குப்பியை ஏந்தியும், துணைவியார் மருத்துவர் சொல்லை ஏந்தியும் எதிரெதிர் நின்றனர். இருவரும் எம்மை நோக்கினர். யாம், "தேன் தொட்டு வைக்கும் உரிமை மாமி அவர்களுக்கே, ஆனால் நாள் மட்டும் முதற் பிறந்தநாளுக்குப் பின்னர்" என்றோம். மாமியார் ஒப்பினார். தம் குணம் ஓராண்டு பொறுத்து வந்தாலும் கெட்டுப்போகாது என்றார்.

மூன்றாவது தாலப் பருவம். தால் என்பது நாவாகும். நாவசைத்துப் பாடுதலின் தாலாட்டு ஆயிற்று என்பர். பிறந்த குழவி நாளொன்றிற்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்கும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அது பொய்யன்று. ஒரே தொடர்ச்சியாக உறங்கும் என்று அவை கூறவில்லை என்பதனை யாம் பின்னரே கவனித்தோம். நவம்பர்த் திங்களில் தாயும் சேயும் எம் இல்லம் போந்தனர். பழைய பருத்திச் சேலையில் தொட்டில் கட்டினோம். நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கு முறை எம்முடையது. கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் யாம் அறிந்தனவற்றைப் பாடினோம்; அவள் விழித்துக் கேட்டாள். வேதநாயக சாஸ்திரியார் பாட்டொன்றை எமக்குத் தெரிந்த இராகத்தில் எடுத்தோம். அண்டை வீட்டார் விளக்கேற்றினர். ஈற்றில் பாட்டெல்லாம் தீர்ந்து, நன்னூற் சூத்திரங்களை வரிசையாக ஒப்பித்தோம். எழுத்ததிகாரம் முடிவதற்குள் உறங்கிவிட்டாள். எம் மாணவர் நெடுங்காலமாக அறிந்திருந்த உண்மையை எம் மகள் நான்கு திங்களிற் கண்டுகொண்டமை, அவளது கூர்த்த மதிக்குச் சான்று.

நான்காவது செங்கீரைப் பருவம். ஐந்தாந் திங்களில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம் அஃது. ஜூலையிற் பிறந்தாட்கு டிசம்பரில் அது வந்தது. கிறிஸ்மஸும் உடன் வந்தது. வாயிலில் நட்சத்திர விளக்குத் தொங்கிற்று. அடுக்களையில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் குவிந்தன. முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை, பாசிப்பயறே உள்ளது என்பதைக் கண்டு வெளியூர் மாணவர் ஆண்டுதோறும் வியப்பர். அவ்வாறே, குழந்தைக்கு நிகழ்த்தும் கொண்டாட்டத்தில் குழந்தைக்குரியது ஒன்றும் இல்லை என்பதை யாம் இவ்வாண்டு கண்டு வியந்தோம். அவட்கு இன்னும் பல் இல்லை. அவள் பெயரால் நாங்கள் உண்டோம்.

ஆலயப் பாடகர் குழுவினர் இரவிற் பவனி வந்தனர். அவர்கள் எம் தெருவிற்கு வந்தபோது மணி ஒன்று. அப்பொழுதுதான் நன்னூல் தன் பணியை முடித்திருந்தது. தம்பட்டமும் கித்தாரும் முழங்க, பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா தொட்டிலினுள் தலையை நீட்டி வாழ்த்தினார். அதன்பின் எழுந்த ஓசையில் பாடகர் குழுவினர் தம் சுருதியை இழந்தனர். தாத்தா அஞ்சித் தாடியைக் கழற்றினார்; உள்ளே எம் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரின் முகம் இருந்தது. அவரைக் கண்டதும் குழந்தை அழுகையை நிறுத்திற்று. அம்மாணவர் அவ்விரவிற்குரிய நன்றியாக உள்மதிப்பீட்டில் ஏதேனும் எதிர்பார்த்திருப்பாராயின், இதனைப் படித்து உண்மை உணர்வாராக.

ஞானஸ்நானம் ஜனவரியில் நிகழ்ந்தது. அதற்குள் பெயர் முடிவாக வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவித்துப் பதிதல் வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் பெயரைப் பின்னர்ச் சேர்க்கலாம். ஓராண்டுவரை அதற்குக் கட்டணமும் இல்லை. சட்டம் வகுத்தோர் நம் குடும்பங்களை நன்கு அறிந்தவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. எம் தந்தையார் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பெயரும், மாமனார் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு பெயரும் முன்மொழிந்தனர். யாம் சங்க இலக்கியத்திலிருந்து ஒன்றைக் கூறி இருதரத்தாராலும் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டோம். இரு சம்பந்திகளும் ஒத்த கருத்தினராயது அவ்வொரு முறைதான். ஈற்றில் துணைவியார் ஒரு பெயரைக் கூறினார். அனைவரும் அது தம் கருத்தே என்றனர்.

இனிக் கூறப்போவது சப்பாணிப் பருவம். ஒன்பதாந் திங்களில் குழந்தை இருகையும் சேர்த்துக் கொட்டும் பருவம். எம் சேகரத்து ஆலயத்தில் ஏப்ரலில் அசனம் நடந்தது. அசனம் என்பது திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் நெடுநாள் வழக்கமான பொது விருந்து. அரிசி, தேங்காய், கடா என அவரவர் இயன்றதைக் காணிக்கையாக அளிப்பர்; பெரிய கொப்பரைகளில் சோறும் கறியும் ஆக்கப்படும்; செல்வர் வறியர் என்னாது அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர். பிறப்பு, திருமணம், நோய் நீங்கல் ஆகியவற்றிற்கு நன்றியாகவும் காணிக்கை அளிப்பதுண்டு.

எம் குடும்பத்தில் இதற்கென ஒரு கணக்குப் புத்தகம் இருக்கின்றது. உபதேசியாராயிருந்த எம் கொள்ளுப் பாட்டனார் தொடங்கியது, தடித்த அட்டை, பக்கங்கள் பழுத்து மூலை மடிந்தவை. எம் தந்தையார் அதனை வேதப்புத்தகத்திற்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றுபவர். அதில் ஒவ்வொரு பிறப்பிற்கும் ஒரு வரி. "ஆண் மகவு, அரிசி 1 மூட்டை, கடா 1." அன்றேல், "பெண் மகவு. அரிசி அரை மூட்டை." பெண்ணிற்குக் கடா இல்லை. நான்கு தலைமுறையாக இவ்வரிகள் மாறாது வந்துள்ளன. அசனத்திற்கு ஒரு வாரம் முன்னர்த் தந்தையார் மூக்குக்கண்ணாடியை அணிந்து, ஒழுங்கான கையெழுத்தில், எம் மகள் பெயருக்கு நேரே அரை மூட்டை எழுதினார்.

துணைவியார் அதனைப் படித்தார். புத்தகத்தை மூடி, எடுத்த இடத்தில் வைத்தார். ஒன்றும் கூறவில்லை. அன்றிரவு குழந்தை உறங்கிய பின்னரும் நெடுநேரம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் அவர் கண்களை மூடிக்கொண்டது எமக்கு நினைவு வந்தது. மறுநாட் காலையில் தந்தையாரிடம் சென்று, "முழு மூட்டையாக எழுதுங்கள் அப்பா, செலவு எம்முடையது" என்றோம். அவர் வியப்புற்றார். "செலவுக்கா எழுதினேன்? ஒரு மூட்டை அரிசி நமக்குப் பெரிதா? இருந்தபடி எழுதினேன். அக்காவுக்கும் அரை மூட்டைதான் எழுதியிருக்கு. அவள் ஒரு குறையும் சொன்னதில்லையே" என்றார். அவர் பேத்தியைத் தோளினின்றும் இறக்காதவர். அவள் பேசுதற்கு முன்னரே அவளுக்கு இருபது திருப்பாட்டுக் கற்பித்தவர். அவர் நெஞ்சில் குறைவு இல்லை, புத்தகத்தில் இருந்தது. நெஞ்சில் இருப்பதை ஒருவாறு பேசித் தீர்க்கலாம். புத்தகத்தில் இருப்பதோடு வாதிடுவது அரிது.

அவர் கூறிய அக்கா, எம் பெரிய அத்தையார், அசனத்திற்காக வந்து சேர்ந்தார். வயது எழுபத்திரண்டு, பெண்கள் உயர்நிலைப் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாயிருந்து ஓய்வு பெற்றவர். இப்பாளையங்கோட்டையில் 1895ஆம் ஆண்டிலேயே சாராள் தக்கர் பெயராற் பெண்களுக்கு உயர்கல்விக் கூடம் எழுந்தது. அதன் முற்றத்தில் படித்தவர். மாலையில் அவர் புத்தகத்தைக் கேட்டார். முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வினாத்தாளைத் திருத்துவதுபோல் நிதானமாகப் படித்தார். பின்னர் ஒரு தாளும் பென்சிலும் கொணரச் சொன்னார்.

"தம்பி, இதிலே பெண்பிள்ளைகள் மொத்தம் ஒன்பது பேர். ஆளுக்கு அரை மூட்டை பாக்கி. ஆகமொத்தம் நாலரை மூட்டை. கடா ஒன்பது."

"என்ன பாக்கி அக்கா?" என்றார் தந்தையார்.

"சபைக்குச் செலுத்தவேண்டிய பாக்கி. நான் பிறந்தபோது அப்பா பாதி நன்றிதான் செலுத்தியிருக்கிறார். மிச்சம் பாதி எழுபத்திரண்டு வருஷமாக நிலுவையில் இருக்கு. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் நம்மைப்போலக் கிறிஸ்தவர்களுக்கு மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது. சொத்திலே சமபங்கு இருக்கும்போது ஸ்தோத்திரத்திலே பாதிப் பங்கா? என் அரை மூட்டையையும் கடாவையும் நாளைக்கு நானே கொடுத்துவிடுகிறேன். மற்ற எட்டுப் பேர் கணக்கை அப்பாவின் வாரிசு நீ பார்த்துக்கொள்."

எட்டுக் கடாக்கள் தந்தையார் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வதை யாம் கண்டோம். அடுக்களை வாயிலில் நின்ற எம் அன்னையார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எம் துணைவியார் மட்டும் நகைக்கவில்லை. அத்தையாரையே நோக்கி நின்றார். தந்தையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தமக்கையாரை நோக்கி, "இத்தனை வருஷமும் உனக்கு அது மனசிலே இருந்ததா அக்கா?" என்று கேட்டார்.

"எட்டு வயசிலே இந்தப் புத்தகத்தை ஒளிந்து படித்தேன். உன் வரியிலே கடா இருந்தது, என் வரியிலே இல்லை" என்றார் அத்தையார். அவர் குரலில் சினமில்லை. ஆயினும் அதன்பின் எவரும் நகைக்கவில்லை.

தந்தையார் பேனாவை எடுத்தார். முன்னோர் எழுதிய வரிகளில் கை வைத்தாரல்லர். தாம் எழுதிய ஒரு வரியை மட்டும் நேர்கோடாக அடித்து, அதன்கீழ்ப் புதிதாக எழுதினார்: "மகவு; அரிசி 1 மூட்டை; கடா 1." ஆண் என்றும் பெண் என்றும் எழுதவில்லை. எழுதி முடித்துப் புத்தகத்தை எம் துணைவியாரிடம் நீட்டி, "சரியா இருக்காம்மா? பார்த்துச் சொல்லு" என்றார். அவர் படித்தார்; தலையசைத்தார்; பின்னர்க் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது என்று கூறி உள்ளே விரைந்தார். குழந்தை அப்பொழுது எம் மடியில் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தது. யாம் ஒன்றும் கூறினோமில்லை.

அவ்வாண்டு அசனத்திற்கு எம் இல்லத்திலிருந்து கடா இரண்டும் அரிசி ஒன்றரை மூட்டையும் சென்றன. எஞ்சிய எண்மர் கணக்கை ஆண்டிற்கு ஒருவராகத் தீர்ப்பதென உடன்பாடு ஏற்பட்டுள்ளது. அவருட் பலர் இன்று இவ்வுலகில் இலர். எனினும் அவர் பெயர்கள் ஆண்டுதோறும் ஆலயத்தில் வாசிக்கப்படும். பந்தியில் அத்தையார் மடியில் அமர்ந்து, குழைத்த சோற்றில் நான்கு பருக்கையை உண்டு, எஞ்சியதை அவர் பட்டுச் சேலையிற் பூசி, எம் மகள் இருகையையும் சேர்த்துக் கொட்டினாள். இலக்கணம் கூறும் திங்களில், இலக்கணம் கூறியபடியே கொட்டினாள் என்பதனைத் தமிழாசிரியர் என்னும் முறையிற் குறிப்பிடக் கடமைப்பட்டுள்ளோம். சோற்றை மெய்படப் பூசிக்கொள்ளும் குழவியின் அழகை அக்காலத்துப் பாண்டிய மன்னன் அறிவுடைநம்பி புறநானூற்றிற் பாடிவைத்தான். சேலையை வெளுத்துத் தரும் பொறுப்பு அம்மன்னனுக்கு இருந்திலது.

முத்தப் பருவத்தைப் பற்றி எழுதுதற்கு ஒன்றுமில்லை. அஃது எழுதுதற்குரியதன்று. வாரானைப் பருவமோ வந்துகொண்டேயிருக்கின்றது: நாற்காலியைப் பற்றி எழுகின்றாள், ஓரடி வைக்கின்றாள், அமர்கின்றாள். மாணவர் விடைத்தாள்களில் ஒரு கட்டு அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தமையால் அவற்றின் மூலைகள் சில நனைந்து மென்மையாயின. மதிப்பெண்ணிற்கு ஊறு நேரவில்லை என உறுதி கூறுகின்றோம்.

இப்பொழுது எம் இல்லத்தில் முதற் பிறந்தநாளைப் பற்றி ஆலோசனை நடைபெறுகின்றது. மண்டபம் வேண்டும் என்பது மாமனார் கட்சி. வீட்டு முற்றத்திற் பந்தல் போதும் என்பது தந்தையார் கட்சி. ஐந்நூறு பேர் என ஒருவரும் ஐம்பது பேர் என மற்றொருவரும் கூற, எண்ணிக்கை நாள்தோறும் இடையில் ஊசலாடுகின்றது. ஊசற் பருவம் பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஈற்றில் வரும்; எம் இல்லத்தில் முன்னரே வந்துவிட்டது. துணைவியார் இன்னும் வாய்திறக்கவில்லை. அவர் ஓர் எண்ணைக் கூறும் அன்று, அதுவே தம் கருத்து என இரு கட்சியினரும் அறிவிப்பர். மாமியார் தேன் குப்பியைத் துடைத்து வைத்துவிட்டார்.

எஞ்சியுள்ளது அம்புலிப் பருவம். நிலாவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாள்வர் என்பது மாணவர் அறிந்ததே. எம் மகளுக்கு அப்பருவம் இன்னும் வரவில்லை. ஆயினும் மாலைதோறும் மாடியில் நிலாக் காட்டிச் சோறூட்டும் பணி எமக்கு இடப்பட்டுள்ளது. அப்பொழுது இந்நான்கு உபாயங்களும் பயன்படக் கண்டோம். இன்சொற் கூறுதலாகிய சாமம் எம்முடையது. "நீ உண்ணாவிடின் காக்கைக்குக் கொடுத்துவிடுவேன்" என்னும் பேதமும் எம்முடையது. முந்திரிக்கொத்துத் தருவதாக வாக்களிக்கும் தானமும் எம்முடையதே. தண்டம் மட்டும் அவளிடம் உள்ளது. அவள் அதனைத் தட்டின்மீது பிரயோகிக்கின்றாள்.